மணலுக்குள் வைத்த கிழங்கு

சந்தனா அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்காவது பேச வேண்டுமென்றால் என் முகத்துக்கு நேராக வந்து பேசட்டும். போன வாரம் பால் கடையில் ஒருத்தி, "எறும்பக்கூட மிதிக்கமாட்டாங்களாம், மருமகளுக்கு மட்டும் வெஷம் வெப்பாங்களாம்" என்றாள். கையிலிருந்த பால் பாக்கெட்டை அவள் மூஞ்சியிலேயே வீசியிருப்பேன். என்னோடு வந்த என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துவிட்டார்.

நந்தினி செத்துப்போனது உண்மை. சந்தனா அக்கா சமையலறையில் வைத்திருந்த கிழங்கைத் தின்றுதான் செத்தாள் என்பதும் உண்மை. போலீஸ் வந்தது, கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாததால் ஆர்.டி.ஓ. விசாரணையும் நடந்தது, விபத்து என்று எழுதி முடித்தார்கள். எழுதினால் தெரு வாய் மூடுமா? அதனால் நான் பார்த்ததையும், அந்த அம்மாவே என்னிடம் சொல்லி அழுததையும் சொல்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். பொய் சொல்லுவேன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

நான் கஸ்தூரி. ஆசிரமத்துக்குப் பின்னால், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே வரும் தெருவில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு ரூம் கட்டி, தியானம் பண்ண வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். எதிர்வீடு சந்தனா அக்காவுடையது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஜைனக் குடும்பம். புருஷன் சந்திரப்பிரபு பள்ளிக்கூட வாத்தியாராக இங்கே வந்து வீடு கட்டினார், ரிட்டயர் ஆன கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பையன் கார்த்திக், செய்யாறு சிப்காட்டில் வேலை. அங்கேயே தங்கி, லீவு நாளில் மட்டும் வருவான்.

அந்த வீட்டில் பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரியாது. மண்ணுக்குள் விளைகிற எதையும் சமைக்கமாட்டார்கள். உருளை, வெங்காயம், பூண்டு, கேரட், முள்ளங்கி, எதுவும் கிடையாது. ஒரு கிழங்குக்குள் எண்ண முடியாத உயிர் இருக்கிறது, அதைப் பிடுங்கினால் அத்தனையும் சாகும் என்பது அவர்கள் கணக்கு. "அப்படிப் பாத்தா எனக்கு நரகத்துல தனி ரூமே போட்டு வெச்சிருப்பாங்கக்கா" என்று நான் கிண்டல் பண்ணுவேன். "உனக்கென்ன, அங்கயும் அத வாடகைக்கு விட்டுடுவ" என்று சிரிப்பார். நல்ல சிரிப்பு அவருக்கு. இப்போது அதெல்லாம் போயே போய்விட்டது.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் காந்தள். கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள். மலைக்காட்டுப் புதரிலும் வேலியிலும் தானாக ஏறிக்கிடக்கும் கொடி. இலை நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பூ விரியும்போது பச்சையாக இருக்கும், அப்புறம் மஞ்சள், கடைசியில் ரத்தச் சிவப்பு. மலையைச் சுற்றி வீடும் ஹோட்டலும் ஏறியபின் அது கண்ணில் படுவதே கம்மியாகிவிட்டது. சந்தனா அக்கா கொல்லையில் மட்டும் ஐப்பசி கார்த்திகையில் வேலி முழுக்கச் சிவந்து நிற்கும்.

வேறு யாராவது காந்தள் வளர்த்தால் கிழங்கைத் தோண்டி, ஒடித்து நடுவார்கள். அடுத்த வருஷமே பூத்துவிடும். இந்த அம்மா தோண்டமாட்டார். விதைதான். காய் தானாக வெடிக்கும்வரை காத்திருந்து, சிவப்பு விதையை எடுத்து உலர்த்தி, ஆடியில் மழை விழுந்ததும் இலைமட்கு கலந்த மண்ணில் போடுவார். பாதி முளைக்காது. முளைத்ததும் முதல் வருஷம் புல் மாதிரி ஒற்றை இலை விட்டுக் காய்ந்துபோகும். செத்துவிட்டது என்று நாம் நினைப்போம். அவர் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, யாரையும் மிதிக்கவிடாமல், மழை வரும்வரை தண்ணீர்கூட ஊற்றாமல் வைத்திருப்பார். காய்ந்த காலத்தில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே அழுகிவிடுமாம். பூ பார்க்க நாலைந்து வருஷம் ஆகும். "கெழங்க எடுத்து நட்டா போச்சு, எதுக்குக்கா இந்த கஷ்டம்?" என்று கேட்டால், "அதுக்கு நேரம் இருக்கு, எனக்கும் நேரம் இருக்கு" என்பார்.

காந்தள் கிழங்கு கொடிய விஷம். கண்வலிக்கிழங்கு என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலியோரம் விளையாட வருகிற பிள்ளைகளை அக்கா விரட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் அந்தக் கிழங்கு எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. தோண்டாத வீட்டில் எங்கே பார்ப்பது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்த்திக் நந்தினியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தான். அவள் அடி அண்ணாமலைப் பெண். அப்பன் ராஜேந்திரன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி, வீம்பு பிடித்த ஆள். வேற ஆளுங்க வீட்டுக்குப் போனவள் எனக்கு மகளே இல்லை என்று தலை முழுகிவிட்டார். பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் அம்மா வீடு, ஆனால் அவளால் போக முடியாது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும்போது அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவாள், பாவம்.

சந்தனா அக்கா ஒரு வார்த்தை எதிர்ப்புச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "நீ எந்த சாமிய வேணா கும்புடு, எத்தன மணிக்கு வேணா சாப்புடு. கெழங்கு மட்டும் இந்த சமையல்கட்டுக்குள்ள வேணாம்மா." அவளும் சரி என்றாள். ஆனால் மல்லாட்டையும் வள்ளிக்கிழங்குமாக வளர்ந்த உடம்பு கேட்குமா? ஒருநாள் அக்கா வெளியே போயிருந்தபோது உருளைக்கிழங்கு வறுத்தாள். அக்கா திரும்பி வந்து, வாணலியை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினார். "நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுவும் முடியாதா ஒனக்கு?" என்று சத்தம் போட்டார். அந்த அம்மா குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் பெண் என் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதது. நான் இரண்டு வள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்தேன். அதிலிருந்து ஆசை வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

இந்த வருஷம் தை மாதம் அவள் உண்டாகியிருப்பது தெரிந்தது. தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. அக்கா அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். மாங்காய், மாதுளை, நாரத்தங்காய் என்று தேடித்தேடி வாங்கிவந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார், காலைப் பிடித்துவிடுவார். "பெத்த அம்மாகூட இப்படிப் பண்ணாது ஆன்ட்டி" என்று நந்தினியே என்னிடம் சொன்னாள். ஒருநாள் மாமியாரிடமே கேட்டுவிட்டாளாம், "அத்தை, வள்ளிக்கெழங்கு புளிக்கொழம்பு சாப்புடணும்போல இருக்கு" என்று. அக்கா, "வேற என்ன வேணா கேளும்மா" என்றாராம்.

இது இப்படியிருக்க, மாசிக் கடைசியில் அடி அண்ணாமலை பக்கம் ஒரு நிலம் பிளாட் போட விற்றுப்போனது. அந்த நிலத்து வேலியில்தான் காட்டுக் காந்தள் கூட்டமாக இருந்தது. அக்கா விதை எடுக்கும் தாய்க்கொடிகள் எல்லாம் அங்கேதான். செய்தி தெரிந்து ஓடினார். ஜே.சி.பி. ஒரு பக்கத்திலிருந்து வேலியை வாரிக்கொண்டு வந்தது. மணிவேல் என்ற பிளாட் புரோக்கர் நின்றிருந்தான்.

"தை வரைக்கும் இந்த ஒரு மூலைய மட்டும் விட்டு வைங்க தம்பி, பூ பூத்ததும் விதை எடுத்துக்கறேன்."

"எங்கம்மா பூ? காஞ்ச குச்சிதான இருக்குது? ரெஜிஸ்ட்ரேஷன் ஆயிடுச்சும்மா, நாளைக்கு கல்லு நடணும்."

வண்டியின் பல்லில் கிழங்குகள் பிளந்து தொங்கியதாம். மிச்சமிருப்பதும் இன்னும் கொஞ்ச நேரத்தில் நசுங்கிவிடும். தோண்டினால் பாவம், தோண்டாவிட்டால் மொத்தமும் சாவு. அந்த அம்மா தன் ஜென்மத்தில் முதல்முறையாக மண்ணில் கைவிட்டுக் கிழங்கு பிடுங்கினார். "ஒவ்வொண்ணுத்துக்கும் மன்னிப்பு கேட்டுக்கிட்டேதான் எடுத்தேன் கஸ்தூரி" என்று பிறகு சொன்னார். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு அது. எடுத்ததில் பாதிக்கு மேல் அந்த வளைவிலேயே ஒடிந்திருந்தது. ஒடிந்த துண்டைப் பார்த்தால் விரல் மொத்தத்தில் சின்ன வள்ளிக்கிழங்கு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஆடி வரைக்கும் அதைக் காப்பாற்ற வேண்டும். வெயில் படக்கூடாது, ஈரம் கூடாது, குளுமை வேண்டும். அந்த வீட்டில் அப்படிப்பட்ட இடம் சமையலறையில் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் இருக்கிற மூலை ஒன்றுதான். மண்சட்டியில் உலர்ந்த மணலைப் போட்டு, கிழங்குகளை அடுக்கி, மேலே ஒரு துணியைக் கட்டி அங்கே வைத்தார். மருமகளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? உருளைக்கிழங்குக்காக அவளை அழவைத்தவர் இவர்தானே! கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து அதே சமையலறையில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வெட்கம். அவள் சமையலறைக்குள் வந்தால் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

விஷத்தைச் சமையலறையில் வைக்கலாமா என்று விசாரணையில் அந்த அதிகாரி கேட்டார். நானும் கேட்டேன், கோபத்தோடுதான் கேட்டேன். "யார் திங்கப்போறாங்க கஸ்தூரி? எங்க வீட்ல கெழங்கு திங்கற பொருளே இல்லியே" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டுச் சமையலறையில் ஒரு செங்கல் கிடந்தால் யாராவது எடுத்துத் தின்றுவிடுவார்கள் என்று பயப்படுவோமா? அவருக்குக் கிழங்கு அப்படித்தான். மருமகளுக்கு அப்படியில்லை என்பது அந்த நேரத்தில் தோன்றாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

மகாவீர் ஜெயந்திக்கு அக்கா ஊர்க் கோயிலுக்குப் போனார். போனால் ராத்திரி தங்கி மறுநாள்தான் வருவார். பௌர்ணமி நெருக்கம் என்பதால் என் மாடி ரூம்கள் நிரம்பி, எனக்கு நிற்க நேரமில்லை. நந்தினி தனியாக இருந்தாள். தண்ணீர்ப் பானையைக் கழுவலாம் என்று நகர்த்தியவள் கண்ணில் சட்டி பட்டிருக்கிறது.

அவள் என்ன நினைத்திருப்பாள், நீங்களே சொல்லுங்கள். காந்தள் கிழங்கு விஷம் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் தன் மாமியார் செத்தாலும் கிழங்கு தோண்டமாட்டார் என்பதும் தெரியும். அப்படியானால் இது கடையில் வாங்கியதாகத்தானே இருக்க வேண்டும்? கெடாமல் இருக்க மணலில் வேறு வைத்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் துணி கட்டி மறைத்தும் வைத்திருக்கிறார். கேட்டபோது மழுப்பிய அத்தை, தன் விரதத்தையே விட்டு வாங்கி வைத்திருக்கிறார் என்று அந்தப் பெண் நம்பிவிட்டது. அன்று மத்தியானம் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். அத்தை மறைத்து வைத்தது வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று பாத்திரத்தைத் துளி வாசனை இல்லாமல் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். சட்டியில் மணலைச் சமன் செய்து பழையபடி துணியையும் கட்டினாள்.

சாயங்காலம் வாந்தி ஆரம்பித்தது. மறுநாள் அக்கா வந்து பார்க்கும்போது எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மசக்கை வாந்தி எல்லாருக்கும் வருவதுதானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டதற்கு, "ரோட்டுக் கடையில பானிபூரி" என்றாள். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டு, உடம்பு துவண்டு, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கார்த்திக் செய்யாற்றிலிருந்து வந்து சேர்ந்தான். அதற்குள் குழந்தை போய்விட்டது.

அங்கேயும் டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். "நல்லா யோசிச்சு சொல்லும்மா. மருந்து, கஷாயம், ஏதாவது சாப்ட்டியா? மறைக்காத." நந்தினி கார்த்திக்கைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஊரிலிருந்து வந்து நின்ற சொந்தக்காரர்களைப் பார்த்தாள். "பானிபூரிதான் டாக்டர்" என்றாள்.

கார்த்திக் மருந்து வாங்கப் போனான். சொந்தக்காரர்களை நர்ஸ் வெளியே அனுப்பிவிட்டாள். வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு நான் மட்டும் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன். நந்தினி கையை ஆட்டி மாமியாரைக் கிட்டக் கூப்பிட்டாள். குரல் ஒடிந்து ஒடிந்து வந்தது.

"அத்தை, நான் யார்கிட்டயும் சொல்லல."

"என்னம்மா சொல்லல?"

"கெழங்கு. நீங்க எனக்காக வாங்கி வெச்சது. சொன்னா உங்காளுங்க உங்கள ஏதாவது பேசுவாங்க இல்ல? அதான் பானிபூரினு சொல்லிட்டேன்."

அக்காவுக்கு ஒரு விநாடி புரியவில்லை. அப்புறம் அவர் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "எந்தக் கெழங்கும்மா? எங்க இருந்துது?" என்றார். அவள் "பானைக்குப் பின்னால" என்று முடிப்பதற்குள் செருப்புகூடப் போடாமல் வார்டு முழுக்க ஓடினார். "டாக்டரம்மா, கண்வலிக்கெழங்கு, காந்தள் கெழங்கு, எம்பொண்ணு தின்னுட்டா" என்று கத்தினார். மருமகள் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

டாக்டரம்மா ஓடிவந்து நாடி பார்த்தார், என்னென்னவோ ஊசி எழுதினார். எங்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "சாப்ட்ட உடனே தெரிஞ்சிருந்தா வயித்தக் கழுவியிருக்கலாம். இப்ப ரத்தத்துல ஏறி கிட்னி வரைக்கும் போயிடுச்சு. இதுக்கு மாத்து மருந்து கெடயாதும்மா. முடிஞ்சத பாக்கறோம். வேலூருக்குக் கொண்டுபோனாலும் வழி தாங்கமாட்டா."

அடப் பாவி தெய்வமே, அந்தப் பெண் வாயைத் திறந்திருந்தால் பிழைத்திருக்குமே! தன் உயிரை வைத்து மாமியார் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது, காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லாத மானத்தை. எனக்கு வராந்தாவிலேயே சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சந்தனா அக்கா அழவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

நந்தினி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெடித்துப்போயிருந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா அத்தை?"

"சொல்லிட்டம்மா."

"திட்டினாங்களா?"

"இல்ல."

"கொஞ்ச நாளா நீங்க என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. ஏதோ மறைக்கிறீங்கனு அப்பவே நெனச்சேன். சட்டியப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது. கேட்டு நீங்க தரமாட்டேன்ன அன்னிக்கு அழுதேன், தெரியுமா? எங்கம்மா கூட இருந்தா வாங்கிக் குடுத்திருக்கும்னு." மூச்சு வாங்கினாள். "எனக்காகத்தான வாங்கினீங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகிய வாய் அது. வாடகைக்கு ஆள் வந்து கேட்டால்கூட, "மாடியில கொசு ஜாஸ்தி" என்று என் வியாபாரத்தைக் கெடுக்கிற வாய். அவர் குனிந்து அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"ஆமாண்டி கண்ணு" என்றார். "ஒனக்காகத்தான் வாங்கி வெச்சேன்."

நந்தினி சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"அடுத்த தடவ நானே வாங்கறேன் அத்தை. உங்களுக்குப் பாத்து வாங்கத் தெரியல, ரொம்பக் கசந்துச்சு. நீங்க வாங்கினதாச்சேனு மிச்சம் வெக்காம சாப்ட்டுட்டேன்."